சீட்டு இல்லாமல் வந்த மூட்டை

மார்லிஸ் ப்ரோமல் இருபத்தாறு வருடம் எதிரிகளின் அழுக்குத் துணியைத் துவைத்தவள். சொந்த ஊர்ப் பிள்ளைகளின் துணியையும்தான். ஆனால் எதிரிகளுடையதில்தான் அவளுக்குக் கூடுதல் கவனம். வீட்டுப் பிள்ளைக்கு ஒரு காலுறை குறைந்தால் மறுநாள் தேடிக் கொடுக்கலாம். வெளியூர்ப் பிள்ளைக்குக் குறைந்தால் அது ஊருக்கே அவமானம்.

ஸ்டெப்டன் கல்லூரி விளையாட்டரங்கின் அடித்தளத்தில் அவளுடைய சலவை அறை இருந்தது. ஆறு பெரிய இயந்திரங்கள், நான்கு உலர்த்திகள், ஒரு சுவர்க் கடிகாரம். ஜன்னல் கிடையாது. மேலே கூட்டம் கத்தினால் கூரையை ஒட்டிய குழாய்கள் அதிரும். அந்த அதிர்வை வைத்தே யார் ஜெயிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள்.

பத்துக் கல்லூரிகள் ஒரே கூட்டணியாக விளையாடிய நாட்களில் ஒரு பழக்கம் இருந்தது. வந்த அணி இரவு தங்கினால் அதன் துணியை உள்ளூர்க்காரர்கள் துவைத்து, மடித்து, காலையில் கையில் கொடுக்க வேண்டும். எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது. நீ எங்களுக்குச் செய், நாங்கள் உனக்குச் செய்வோம், அவ்வளவுதான். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் எண் போட்ட ஒரு நாடா உண்டு. காலுறை, உள்ளாடை எல்லாவற்றையும் அதில் கோத்துப் பூட்டி அப்படியே இயந்திரத்தில் போட்டுவிடலாம், கலந்து போகாது. ஆட்டச் சட்டைகள் மட்டும் தனி மூட்டை. எப்படித் துவைக்க வேண்டும் என்று அந்த மூட்டையின் வாயில் ஒரு சீட்டு செருகியிருக்கும். சீட்டு இல்லையென்றால் எப்போதும் போல என்று அர்த்தம்.

மலைக்கு அந்தப் பக்கம், ஐந்து மணி நேரப் பயணத்தில், போர்ட் ஹாலம். நூறு வருடப் போட்டி. அந்தக் கல்லூரியின் சலவைக்குப் பொறுப்பு கிளென் யமாசாகி. முதல் வருடம் அவர் எழுதிய சீட்டு மார்லிஸுக்கு மனப்பாடம்: "வெந்நீர். உலர்த்தியும் நல்ல சூடு. எங்கள் ஊர் ஈரத்தில் எல்லாம் நாறும்." அதன் பிறகு சீட்டு வந்தது நான்கைந்து முறைதான், ஏதாவது மாறியிருந்தால் மட்டும். ஆனால் மூட்டைக்குள் புகையிட்ட சால்மன் மீன் ஒரு டப்பா தவறாமல் வரும். துவைத்த துணியோடு மார்லிஸ் ஒரு பை பருப்பு அனுப்புவாள். ஸ்டெப்டனைச் சுற்றி விளைவது கோதுமையும் பருப்பும்தான், வேறு எதை அனுப்புவது? இருவரும் நேரில் பேசியது மொத்தம் ஏழெட்டுத் தடவை இருக்கும்.

பிறகு கூட்டணி உடைந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் பெரிய ஊர்களுக்குப் பெரிய விலை வைத்தார்கள். ஒரே கோடையில் எட்டுக் கல்லூரிகள் போய்விட்டன. போர்ட் ஹாலம் நாட்டின் மறுகோடியில் இருந்த ஒரு பணக்காரக் கூட்டணியில் சேர்ந்தது. யாரும் கூப்பிடாமல் மிஞ்சியவை இரண்டு கல்லூரிகள். அதில் ஒன்று ஸ்டெப்டன். முதல் வருடம் ஊரே திட்டியது. இரண்டாம் வருடம் திட்டவும் ஆள் குறைந்தது. நீச்சல் அணியைக் கலைத்தார்கள். பெரிய சாலையில் இருந்த இரண்டு விடுதிகளில் ஒன்று கதவுக்குப் பலகை அடித்து மூடிக்கொண்டது. விளையாட வந்த சின்னச் சின்ன அணிகள் ஆட்டம் முடிந்த கையோடு பேருந்தில் ஏறிப் போயின. மார்லிஸின் ஆறு இயந்திரங்களில் மூன்று ஓடின.

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை வீட்டில் இருந்தது. ஏப்ரலில் அவள் கணவர் ஆர்லோவுக்குப் பக்கவாதம் வந்தது. தானியக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் மூட்டையும் இயந்திரமும் தள்ளிய மனிதர். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதி வரும், பாதி வராது. நோயாளியைத் தூக்கும்போது முதுகை வளைக்கக் கூடாது, முழங்காலை வளைக்க வேண்டும். மார்லிஸ் இதை ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். வாரம் இரண்டு நாள் லூபே என்ற பிசியோதெரபிப் பெண் வந்தாள். பகலில் ஒரு உதவியாள் மாலை ஏழு வரை இருந்தாள். இரண்டுமே மார்லிஸின் கல்லூரி வேலையோடு வந்த காப்பீட்டில் நடந்தன. வேலை போனால் அதுவும் போகும். அரசாங்கக் காப்பீடு ஆர்லோவுக்கு அறுபத்தைந்து முடிந்தால்தான். டிசம்பரிலிருந்து எண்ணினால் பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதத்தை எப்படியாவது தாண்ட வேண்டும். அவள் வாழ்க்கையில் அப்போது வேறு கணக்கு இல்லை.

அந்த டிசம்பரில் போர்ட் ஹாலம் பெண்கள் கூடைப்பந்து அணி ஸ்டெப்டனுக்கு வந்தது. பழைய போட்டியின் மரியாதைக்காக ஒரே ஒரு ஆட்டம். ஞாயிறு பிற்பகல் ஆடி, பதினெட்டுப் புள்ளியில் ஜெயித்தார்கள். குழாய்கள் அதிரவே இல்லை. உடனே விமானம் ஏறி, செவ்வாயன்று கிழக்கே அடுத்த ஆட்டம் ஆடுவதாகத் திட்டம். ஆனால் பனி இறங்கி விமானம் வரவில்லை. இரவு தங்கினார்கள். அன்று மாலை ஆறு மணிக்கு யாரோ தள்ளுவண்டியில் மூட்டைகளை உருட்டிவந்து சலவை அறை வாசலில் விட்டுப் போனார்கள்.

மார்லிஸுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். நாடாக்களை எண்ணினாள், பன்னிரண்டு. சட்டை மூட்டையின் வாயைப் பார்த்தாள். சீட்டு இல்லை. சரி, எப்போதும் போல. கையை விட்டுத் துழாவினாள். மீனும் இல்லை. விமானத்தில் வருகிறவர்கள் மீனைத் தூக்கிக்கொண்டா வருவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வெந்நீரில் போட்டாள். ஆறே முக்காலுக்கு உலர்த்தியில் மாற்றி, சூட்டை முழுவதும் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஏழு மணிக்கு மேல் ஆர்லோவைத் தனியே விட முடியாது. பழைய நாட்களாக இருந்தால் உலர்த்திக்குப் பக்கத்திலேயே நின்றிருப்பாள்.

காலையில் உதவியாள் வந்தபின் போய் உலர்த்தியைத் திறந்தபோது பன்னிரண்டு நீலச் சட்டைகளும் சுத்தமாக இருந்தன. மார்பின் மேல் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் பசை கறுத்துப் போயிருந்தது. டிரம்மின் அடியில் பன்னிரண்டு வில்லைகள் பொரித்த அப்பளம் போலச் சுருண்டு கிடந்தன. புதுக் கூட்டணியின் சின்னம் போட்ட வில்லைகள். பழைய கூட்டணி தன் சின்னத்தைத் தைத்துக் கொடுத்தது. பணக்காரக் கூட்டணி ஒட்டிக் கொடுத்திருக்கிறது.

இஸ்திரிப் பெட்டியை எடுத்து அழுத்திப் பார்த்தாள். ஒட்டவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் முயன்று பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டாள். வில்லைகளை ஒரு பையில் போட்டு, சட்டைகளை மடித்து, பருப்புப் பையையும் மேலே வைத்துத் தள்ளுவண்டியை மேலே கொண்டுபோனாள். கிளென் திட்டுவார், திட்டட்டும்.

பேருந்தருகே நின்றது கிளென் இல்லை. இருபத்தைந்து வயதுப் பெண், பெயர் பேஜ், காதில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு கைபேசி.

"கிளென் எங்கேம்மா?"

"யாரு? ஓ, அந்தப் பெரியவரா? அவரு கோடையிலயே போயிட்டாருங்க. புதுக் கட்டடத்துக்கு மாறினப்ப ஆளைக் குறைச்சாங்க."

மார்லிஸ் தள்ளுவண்டியை நிறுத்தினாள். பிறகு பையைத் திறந்து காட்டினாள். "இது கழண்டு வந்திருச்சு. சூட்டுல போட்டுட்டேன்."

பேஜின் முகம் வெளுத்தது. "ஐயோ! இதை யாராவது சூட்டுல போடுவாங்களா?"

"மூட்டையில நீ சீட்டு வைக்கலையே."

"என்ன சீட்டு?"

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தப் பக்கம் மார்லிஸும் விசாரிக்கவில்லை. பேருந்து கிளம்பிப் போனது. பருப்புப் பை வாசல் பெஞ்சின் மேல் இருந்தது. மறந்தார்களோ, வேண்டாம் என்று வைத்தார்களோ. மார்லிஸ் அதை எடுத்துக்கொண்டு போய் அன்றைக்கே சூப் வைத்தாள்.

செவ்வாயன்று கிழக்கே நடந்த ஆட்டம் தொலைக்காட்சியில் வந்தது. போர்ட் ஹாலம் பெண்கள் மார்பில் கறுத்த சதுரத்தோடு ஓடினார்கள். வர்ணனையாளர் சிரித்துக்கொண்டே காரணத்தைச் சொன்னார்: ஸ்டெப்டனில் துவைக்கப் போட்டார்களாம், கூட்டணிச் சின்னம் மட்டும் உரிந்து வந்துவிட்டதாம். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. இரண்டு வருடமாக அடி வாங்கியே பழகிய ஊருக்குத் திருப்பி ஒன்று கொடுத்தது போல இருந்தது.

புதன்கிழமை காலை மார்லிஸ் ஜோனெலின் உணவகத்துக்குள் நுழைந்ததும் எல்லா மேசையிலும் கை தட்டினார்கள்.

"வாம்மா ராணி! இன்னிக்கு உன்கிட்ட காசு வாங்கினா என் கை அழுகிடும்" என்றாள் ஜோனெல். கேட்காமலே ஒரு தட்டில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் வந்தது.

"ஜோனெல், நான் வேணும்னு செய்யல. தப்பா நடந்துபோச்சு."

"ஆமா ஆமா, அப்படித்தான் சொல்லணும்." ஜோனெல் கண்ணடித்தாள். "போலீஸ் கேட்டாலும் அதையே சொல்லு."

"அட, நிஜமாத்தான் சொல்றேன்."

"இருபத்தாறு வருஷம் துவைச்சவளுக்குச் சூடு எது, பச்சைத்தண்ணி எதுன்னு தெரியாதாக்கும்!" என்றார் மூலை மேசையில் ஒரு கோதுமைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் உண்மையான குத்து என்று அவருக்குத் தெரியாது. வார இறுதிக்குள் தீவனக் கடையில் பனியன் அச்சடித்து விற்றார்கள். முன்னால் ஒரு சலவை இயந்திரத்தின் படம், கீழே "ஸ்டெப்டனில் தண்ணீர் சூடு" என்று எழுத்து.

வீட்டில் ஆர்லோவுக்கும் செய்தி போயிருந்தது. உதவியாள் சொல்லியிருந்தாள். மார்லிஸ் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றக் குனிந்தபோது அவர் உடம்பு குலுங்கியது. முதலில் வலிப்பு என்று பயந்து முகத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். ஏப்ரலுக்குப் பிறகு முதல் சிரிப்பு. வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது.

"மார்லி... நீ... வேணும்னே."

"பேசாம இரு, ஆர்லோ. விழுந்து வைக்காதே."

"வேணும்னே" என்றார் மறுபடி. இந்த முறை வார்த்தை முழுசாக வந்தது. அவள் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எச்சிலைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் கிளென் தொலைபேசியில் வந்தார்.

"ஏ கிழவி, எங்க பொண்ணுங்க சட்டையை உரிச்சுட்டியாமே?"

"நீ எங்கய்யா போய்த் தொலைஞ்ச? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னத்தைச் சொல்ல? ஒரு கேக் வெட்டினாங்க, ஒரு கடிகாரம் குடுத்தாங்க, வாசலைக் காட்டினாங்க. இப்ப அங்க இருபது மெஷின் பளபளன்னு நிக்குது. மெஷினுக்குக் காசு இருக்கு, கிளெனுக்குத்தான் இல்ல. நான் இரும்புக் கடையில ஆணி எடை போட்டுட்டு இருக்கேன்."

"ஒரு சீட்டு இருந்திருந்தா இது நடந்திருக்காது."

"நான் இருந்திருந்தா சீட்டு இருந்திருக்கும். அந்தப் பொண்ணு மேல கோவிச்சுக்காத. அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அவ மேல எனக்கென்ன கோவம்? உன் மேலதான். மீனும் வரல."

மறுமுனையில் சிரிப்பு கேட்டது, பிறகு இருமல். இருமல் ஈரமாக இருந்தது. மருத்துவரிடம் போகச் சொன்னாள். போகிறேன் என்றார். போகமாட்டார் என்று குரலிலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ட்ராய் ஹெம்ஸ்ட்ரீட் கூப்பிட்டனுப்பினான். விளையாட்டுத் துறையின் துணை இயக்குநர். ஒரு காலத்தில் ஸ்டெப்டன் கால்பந்து அணியில் ஆடியவன்.

"உக்காருங்க, மார்லிஸ்."

"நிக்கறேன். ஆர்லோவுக்குப் பதினொன்றரைக்கு மருந்து. இன்னிக்கு உதவியாள் லீவு, பக்கத்து வீட்டுல பாத்துக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வேணும்னே செஞ்சீங்களா?"

"இல்ல. சீட்டு இல்ல, அதனால எப்பவும் போலப் போட்டேன். ஒரு சட்டையையாவது கையில எடுத்துப் பாத்திருக்கணும். பாக்கல. தப்பு என்னோடது."

ட்ராயின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. "அதை வெளிய சொல்ல வேணாமே."

"ஏன்?"

"ரெண்டு வருஷமா அரங்கு பாதிகூட நிறையறதில்ல. இந்த நாலு நாளா எங்க போன் நிக்கவே இல்ல, மார்லிஸ். நாளைக்கு ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் பாக்கி இல்ல. இடைவேளையில நீங்க நடுவுல வந்து நில்லுங்க. ஒண்ணும் பேச வேணாம். ஒரு நீலச் சட்டையைத் தூக்கிக் காட்டுங்க, போதும்."

மார்லிஸ் அவனையே பார்த்தாள். ஏன் இவ்வளவு கெஞ்சுகிறான்? பிள்ளைகளைச் சின்ன வயதில் பார்த்திருந்தால் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"ட்ராய், நாலு வருஷம் உன் ஜட்டியைத் துவைச்சவ நான். சுத்தி வளைக்காத. என் வேலைக்கு என்ன?"

அவன் பேனாவை மூடினான், திறந்தான். "ஜூன்ல அறையை மூடறோம். துணியை வெளிய குடுக்கறதா முடிவாயிருச்சு. நகரத்துலேருந்து வண்டி வந்து எடுத்துட்டுப் போகும்."

"எப்ப முடிவாச்சு?"

"ஆகஸ்ட்ல."

"இது டிசம்பர்."

"கிறிஸ்துமஸ் முடியட்டும், சொல்லலாம்னு..."

"என் கிறிஸ்துமஸைக் காப்பாத்தினியாக்கும். நல்ல பையன்."

வில்லை உரிந்ததற்கும் வேலை போவதற்கும் சம்பந்தமே இல்லை. அவள் செய்த தப்பு எந்தத் தராசிலும் ஏறவில்லை. அது அவளுக்குத் தப்பைவிடக் கசந்தது. ஆனால் கசப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கையில் இருப்பது ஒரே ஒரு சரக்கு. அதை விற்றாள்.

"சரி. நான் வந்து நிக்கறேன். எனக்குப் பதினாலு மாசம் குடு. பெருக்கச் சொல்லு, கதவு தொறக்கச் சொல்லு, எதுன்னாலும் செய்யறேன். காப்பீடு மட்டும் ஓடணும். அடுத்த வருஷம் கழிச்சுப் பிப்ரவரியில ஆர்லோவுக்கு அறுபத்தஞ்சு. அன்னிக்குச் சாயங்காலமே நானே போயிடறேன்."

"மேல கேக்கறேன், மார்லிஸ். சத்தியமா."

"நல்லாக் கேளு."

சனிக்கிழமை இடைவேளையில் அவள் அரங்கின் நடுவில் நின்றாள். இருபத்தாறு வருடத்தில் அந்தப் பலகைத் தரையில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வேலைக்குப் போட்டுப்போகும் அதே காலணிதான். ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொன்னதும் அரங்கம் எழுந்தது. நீலச் சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். கடையில் வாங்கியது, அவள் துவைத்தது அல்ல. தூக்கிக் காட்டினாள். அந்தச் சத்தம் கீழே குழாய்களை எப்படி ஆட்டும் என்று நினைத்தாள். கீழே கேட்க ஆள் இல்லை. வீட்டில் ஆர்லோ தொலைக்காட்சியில் பார்த்து இடது கையால் நாற்காலியைத் தட்டிக்கொண்டே இருந்தாராம்.

ஜனவரி மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. அவளுடைய நீண்ட சேவைக்கு நன்றி, ஜூன் முப்பதோடு பணி முடிகிறது, வேறு பணியிடம் ஒதுக்க இயலவில்லை. ட்ராய் நேரில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து நடைபாதையில் எதிரே வந்தவன், "கேட்டேன் மார்லிஸ், நல்லாவே கேட்டேன்" என்றான். கேட்டிருப்பான். மேலே இருப்பவர்களின் துணியை அவள் துவைத்ததில்லை.

ஊர் அதற்குள் மறந்துவிட்டது. அணி தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றது. தீவனக் கடையில் மிஞ்சிய பனியன்களைப் பாதி விலைக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் ஸ்டெப்டனுக்கு வர நேரமில்லை என்று போர்ட் ஹாலம் எழுதிவிட்டது. ஏப்ரலில் கிளென் வீட்டிலிருந்து அவர் மகள் கூப்பிட்டாள். கிளென் இறந்துவிட்டார், நுரையீரல் நோய். அப்பா மேசையில் சில முகவரிகள் இருந்தன, உங்கள் பெயர் இருந்தது என்றாள். மார்லிஸ் இரண்டு கிலோ பருப்பைப் பெட்டியில் கட்டி அனுப்பினாள். பூவை வாடிய பிறகு என்ன செய்வார்கள்?

ஜூன் கடைசி வாரம் இயந்திரங்களைக் கழற்றி எடுத்துப் போனார்கள். மார்லிஸ் நான்கு நாடாக்களை மட்டும் பையில் போட்டுக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை.

லூபேயின் கடைசி நாள் அதே வாரத்தில் வந்தது. உதவியாள் வருவதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். லூபே தாங்கிப் பிடிக்க, ஆர்லோ நடைச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை, பதினொரு அடி, நடக்கப் பழகியிருந்தார். இன்னும் எட்டு மாதம் விடாமல் செய்தால் தெருவரை போகலாம் என்றாள் லூபே. விட்டால் தசை இறுகும், பிறகு திரும்பாது. அதையும் சொன்னாள், சொல்ல வேண்டியதுதான். மார்லிஸ் பயிற்சிகளை ஒவ்வொன்றாகச் செய்துகாட்டச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

"தனியா இவரைப் பிடிக்க முடியாதுக்கா. முதுகு போயிடும்" என்றாள் லூபே.

"முதுகு ஏற்கெனவே போயாச்சு. நீ பாதத்துக்கு எங்க கட்டணும்னு காட்டு."

மறுநாள் காலை நான்கு நாடாக்களையும் சேர்த்துத் தைத்து ஆர்லோவின் இடுப்பில் கட்டினாள். ஏழு, பன்னிரண்டு, இருபத்திரண்டு, முப்பது என்று எண்கள் சுற்றி வந்தன. இன்னொரு துண்டுத் துணியை வலது பாதத்துக்கு அடியில் கொடுத்து மேலே இழுத்துப் பிடித்தாள். முழங்காலை வளைத்து, முதுகை நேராக வைத்து, தூக்கினாள். நடைச் சட்டத்தைப் பற்றி எழுந்து நின்றார். இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடிக்கு வலது கால் வரவில்லை.

நின்றபடியே அவர் அவளைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மேலே போனது. களைப்பை மறைக்க அவர் தேடும் பேச்சு இப்போதெல்லாம் ஒன்றுதான்.

"மார்லி... அந்தச் சட்டை. நீ... வேணும்னே... தானே?"

வியர்வை அவள் கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் நாடாவில் இருந்தன.

"ஆமா, வேணும்னேதான். காலைத் தூக்கு."

அவர் முயன்றார். பாதம் தரையை உரசிக்கொண்டு ஒரு விரல்கடை நகர்ந்தது, நின்றது. கதவுக்கு இன்னும் ஒன்பது அடி. அவள் நாற்காலியைக் காலால் இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள்.